விழுகிறவருக்கும் ஒரு கைதட்டல்!



"என்னடா இது, வத்தக்குழம்பு, வாய்வுத் தொல்லை என்று எழுதிக்கொண்டிருந்தவள் திடீரென்று குஸ்தி மேடையில் ஏறிவிட்டாளே!" என்று நினைக்கிறீர்கள், இல்லையா? பயப்படாதீர்கள். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு நான் யாரோடும் மோதப் போவதில்லை. டி.வி.யில் வருகிறதே அமெரிக்கக் குஸ்தி, அதைப் பற்றித்தான் இந்தத் தடவை உங்களோடு பேசப் போகிறேன். "பிள்ளைகள் இதைப் பார்க்கலாமா, கூடாதா?" என்று கேட்காத தாய்மார்கள் உண்டா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இதில் துளிக்கூட ஆசை கிடையாது. ஆனால் பையன்கள் இருக்கிற வீட்டில் தப்பிக்க முடியுமா? நான் பள்ளிக்கூடம் போன 1990-களில் எங்கள் தெருப் பையன்கள் கையில் எப்போதும் ஒரு கட்டு சீட்டு இருக்கும். குஸ்தி வீரர்கள் படம் போட்டு, உயரம், எடை, மார்பளவு எல்லாம் அச்சடித்த 'டிரம்ப் கார்டு'. அண்டர்டேக்கர் என்கிறவருக்கு ஏழு உயிர் என்று என் அண்ணன் சாமி மேல் சத்தியம் பண்ணுவான். இன்றைக்கு அவன் பிள்ளையும் என் பிள்ளைகளும் செல்போனில் அதையே பார்க்கிறார்கள். சீட்டு போய் செல்போன் வந்ததே தவிர, கூச்சல் மட்டும் குறையவில்லை.

வீட்டுப் பெரியவர்கள் இதற்குச் சொல்லும் தீர்ப்பு ஒன்றே ஒன்றுதான். "எல்லாம் பொய்டா, நடிக்கிறானுங்க!" சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொள்வார்கள். வாஸ்தவம்தான், நடிப்புதான். சீரியலில் நாத்தனார் மருமகள் மேல் திருட்டுப் பட்டம் கட்டுவதும் நடிப்புதானே? அதைப் பார்த்து நாம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வதில்லையா? அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை, 'கதை' என்கிறோம். குஸ்திக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை கிடைக்கவில்லை?

அதற்குக் காரணம் அந்தத் தொழில்காரர்களேதான். இது கதை என்று அவர்கள் வெகுகாலம் ஒப்புக்கொள்ளவே இல்லை. யார் ஜெயிக்க வேண்டும், யார் தோற்க வேண்டும் என்பது முன்னாலேயே பேசி வைத்தது. ஆனால் அதை வெளியே மூச்சு விடக் கூடாது. இந்த ரகசியக் கட்டுப்பாட்டுக்கு 'கேஃபேப்' என்று அவர்களுக்குள் ஒரு வார்த்தையே இருந்தது. மேடையில் நல்லவராக வருகிறவரும் கெட்டவராக வருகிறவரும் நாலு பேர் பார்க்கச் சேர்ந்து சாப்பிடக் கூடாது, ஒரே வண்டியில் போகக் கூடாது!

1987 மே மாதம் ஒரு கூத்து நடந்தது. ஜிம் டக்கன் என்பவர் அமெரிக்கக் கொடியோடு வரும் நல்லவர். அயர்ன் ஷேக் என்பவர் ஈரான் நாட்டிலிருந்து வந்த கெட்டவர். மேடையில் இரண்டு பேருக்கும் ஜன்மப் பகை. நியூ ஜெர்சி நெடுஞ்சாலையில் போலீஸ் ஒரு காரை நிறுத்திப் பார்த்தால், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்! போதைப்பொருள் விவகாரத்தில் மாட்டிக்கொண்டார்கள். அது ஒரு பக்கம் இருக்க, 'பகையாளிகள் ஒரே காரில் எப்படி?' என்பதுதான் பெரிய பேச்சாகிவிட்டது. கம்பெனி இருவரையும் வேலையிலிருந்து நீக்கியது.

ரகசியம் கடைசியில் உடைந்தது எதனால் தெரியுமா? காசு விஷயத்தில்தான்! விளையாட்டுப் போட்டி என்றால் அரசாங்கக் கமிஷன், லைசென்ஸ், வரி என்று ஆயிரம் கட்டுப்பாடு. அதனால் 1989-ல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். கம்பெனியே நியூ ஜெர்சி மாநில செனட் சபையில் 'இது போட்டி அல்ல, வெறும் பொழுதுபோக்கு' என்று சொல்லிவிட்டது. (பாண்டா கரடிச் சின்னம் போட்ட வனவிலங்கு நிதியத்தோடு பெயருக்காக நடந்த வழக்கில் தோற்று, 2002-ல் அந்தக் கம்பெனி டபிள்யூ.டபிள்யூ.இ. என்று பெயரை மாற்றிக்கொண்டது.) பொய் என்று தெரிந்ததும் கூட்டம் கலைந்துவிட்டதா? அதுதான் இல்லை. இன்றைக்கும் அரங்கம் நிறைகிறது.

ஏன் நிறைகிறது என்பதை எனக்குப் புரிய வைத்தவர் என் மாமியார். அவருக்கு வயது 78. இங்கிலீஷில் 'தேங்க்ஸ்' தவிர ஒன்றும் தெரியாது. ஒரு நாள் பையன் குஸ்தி பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பத்தே நிமிஷம்தான். "டேய், டேய்! அந்த மொட்டைத் தலையன் பின்னாலேர்ந்து நாற்காலியைத் தூக்கிட்டு வரான்டா! இந்த நடுவர் கட்டையில போறவன் எங்கயோ வேடிக்கை பாத்துட்டு நிக்கறான் பாரு!" என்று கத்தினாரே பார்க்கலாம்! கீரை ஒரு பக்கம், தண்டு ஒரு பக்கம்.

ஒரு வார்த்தை புரியாமல் முழுக்கதையும் புரிந்துவிட்டது பாருங்கள். அதற்கப்புறம் நானும் நாலைந்து தடவை கவனித்துப் பார்த்தேன். நம் சமையல் மாதிரியே இதற்கும் ஒரு பக்குவம் இருக்கிறது. முதலில் நல்லவர் கை ஓங்கும். கூட்டம் சந்தோஷப்படும். உடனே கெட்டவர் ஒரு குறுக்கு வழி பிடிப்பார். கண்ணைக் குத்துவார், கயிற்றில் காலைப் போட்டுக்கொள்வார். பிறகு நல்லவர் அடி வாங்குவார், வாங்குவார், வாங்கிக்கொண்டே இருப்பார். இந்தப் பகுதிதான் ரொம்ப நேரம். நடுவில் ஒரு தடவை எழுந்திருக்கப் பார்ப்பார், மறுபடி விழுவார். கூட்டம் கை தட்டித் தாளம் போட்டு அவரை எழுப்பும். அப்புறம் ஒரே வேகமாக எழுந்து நிற்பாரே, அங்கேதான் கதை பொங்குகிறது. எழுச்சி சீக்கிரம் வந்தால் சப்பென்று ஆகிவிடும், தாமதித்தால் ஆறிப்போய்விடும். நுரை கட்டும்போது ரசத்தை இறக்குகிறோமே, அந்தக் கணக்கு!

அந்த 'கட்டையில போகிற' நடுவர் இருக்கிறாரே, அவர்தான் உள்ளபடி முக்கியமான ஆள். எதுவும் தெரியாத அசடு மாதிரி நின்றுகொண்டு, 'இன்னும் இத்தனை நிமிஷம்தான் இருக்கிறது' என்று இரண்டு பேர் காதிலும் போடுபவர் அவரே. விழுந்து கிடப்பவர் பக்கத்தில் குனிந்து, "சரியாக இருக்கிறாயா?" என்று கேட்பவரும் அவரே. யாருக்காவது நிஜமாகவே அடிபட்டுவிட்டால், இரண்டு கையையும் தலைக்கு மேலே பெருக்கல் குறி மாதிரி வைத்துக் காட்டுவார். உள்ளே இருப்பவர்கள் டாக்டரோடு ஓடி வருவார்கள்.

முடிவு தெரிந்த கதையை உட்கார்ந்து பார்ப்பது நமக்கும் புதிதா என்ன? திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் துரியோதனன் கடைசியில் படுகளத்தில் விழப்போகிறான் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். இருந்தும் ஊரே கூடி நிற்கிறது. முடிவைத் தெரிந்துகொள்ள யாரும் போவதில்லை, எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்க்கத்தான் போகிறார்கள்.

சரி, இந்தக் கதையைச் சொல்வது யார்? ஜெயிக்கிறவர் என்றுதான் நமக்குத் தோன்றும். இல்லை சகோதரிகளே, தோற்கிறவர்தான்! ஓங்கி விடுகிற குத்துக்கு உயிர் கொடுப்பது அதை வாங்குகிறவர் தள்ளாடுகிற தள்ளாட்டம்தான்.

1987 மார்ச் 29-ஆம் தேதி, அமெரிக்காவில் பான்டியாக் என்ற ஊரில் நடந்த 'ரெஸில்மேனியா' போட்டியைச் சொல்கிறேன். 93,173 பேர் வந்தார்கள் என்பது கம்பெனி சொன்ன கணக்கு. ஒரு பக்கம் ஹல்க் ஹோகன். மறுபக்கம் ஆந்த்ரே என்ற பிரெஞ்சுக்காரர். மலை மாதிரி ஆள், இருநூறு கிலோவுக்கு மேல் எடை. பதினைந்து வருஷமாகத் தோற்றதே இல்லை என்று விளம்பரம் செய்தார்கள். அதுவும் கதைதான்! அவரை ஹோகன் அலாக்காகத் தூக்கிப் போட்டு ஜெயித்தார். இன்றைக்கும் அந்தக் காட்சியைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள்.

ஆனால் அன்றைக்கு ஆந்த்ரே இருந்த நிலைமை என்ன? முதுகில் ஆபரேஷன் நடந்து அதிக நாள் ஆகவில்லை. உடைக்குள்ளே இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் மனது வைக்காமல் அந்த உடம்பை யாராலும் அசைத்திருக்க முடியாது. தன்னைத் தூக்க விட்டு, தூக்குகிறவரைப் பெரிய வீரனாக்கிவிட்டுப் போனார். 1993 ஜனவரியில், தகப்பனார் காரியத்துக்குப் பிரான்சு போன இடத்தில், தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 46தான்.

அவருடைய பிரம்மாண்டம் வரம் அல்ல, வியாதி. 'அக்ரோமெகலி' என்று பெயர். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் சின்னக் கட்டி வந்து, வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரப்பதால் பெரும்பாலும் இது வருகிறது. வளர்கிற வயதிலேயே வந்தால் ஆள் அசாத்திய உயரமாகிவிடுவார். வளர்ந்த பிறகு வந்தால் கை, கால், தாடை பெரிதாகும். நமக்குத் தெரிந்த யாருக்காவது நடு வயதில் மோதிரம் போகாமல், செருப்பு அளவு ஏறிக்கொண்டே போய், முக ஜாடையும் மாறினால் "உடம்பு போட்டிருக்கு" என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். இப்போது ஆபரேஷனும் மருந்தும் இருக்கின்றன.

ஜெயித்தவர் மட்டும் சுகமாக இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. ஹோகனுக்கு முதுகில், இடுப்பில், முழங்காலில் என்று எத்தனையோ ஆபரேஷன்கள். அவரும் 2025 ஜூலையில், 71-ஆவது வயதில் காலமாகிவிட்டார்.

அண்ணன் சொன்ன ஏழு உயிர்க் கதைக்கும் இப்படி ஒரு பின்கதை உண்டு. 1994 ஜனவரியில் அண்டர்டேக்கரைச் சவப்பெட்டிக்குள் தள்ளி மூடி, அவர் ஆவி மேலே போவது போலக் காட்டினார்கள். ஆகஸ்டில் 'உயிர்த்தெழுந்து' வந்துவிட்டார். உலகம் முழுக்கப் பையன்கள் வாயைப் பிளந்தார்கள். விஷயம் இதுதான்: அந்த மனிதருக்கு முதுகில் காயம், ஓய்வு தேவைப்பட்டது. நாம் லீவு லெட்டர் கொடுக்கிறோம், அவரைச் சவப்பெட்டியில் வைத்து அனுப்பினார்கள்!

அந்த மேடையை மெத்தை என்று நினைக்காதீர்கள். அடியில் இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, அதற்கு மேல் மெல்லிய ஃபோம், அதன் மேல் கேன்வாஸ் துணி. அவ்வளவுதான். விழுவதற்கென்றே மாதக்கணக்கில் பழகுகிறார்கள். மோவாயை மார்போடு ஒட்டிக்கொண்டு, தலை தரையில் படாமல், அடி முதுகு முழுவதும் பரவுகிற மாதிரி விழ வேண்டும். தூக்குகிறவரும் சும்மா வீசிவிடுவதில்லை. எதிராளியின் தலையையும் கழுத்தையும் காப்பாற்றி இறக்குவதுதான் அவருடைய முதல் கடமை. பகை பொய். ஒருத்தர் கழுத்தை இன்னொருத்தர் கையில் நம்பிக் கொடுக்கிறாரே, அது பொய் இல்லை.

இதை எழுதும்போது ஓவன் ஹார்ட் என்ற வீரரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1999 மே 23-ஆம் தேதி, கான்சாஸ் சிட்டி அரங்கத்தில், தமாஷான ஒரு மாவீரன் வேஷத்தில் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வர வேண்டியவர். பிடிப்பு விட்டு 70 அடிக்கும் மேலான உயரத்திலிருந்து மேடையில் விழுந்தார். பிழைக்கவில்லை. 34 வயது. மனைவி, இரண்டு சின்னக் குழந்தைகள். அரங்கத்தில் பலர் அதையும் கதையில் ஒரு பகுதி என்றே நினைத்தார்களாம். "இது நிகழ்ச்சியின் பகுதி அல்ல, நிஜமாகவே நடந்துவிட்டது" என்று டி.வி.யில் வர்ணனையாளர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. இத்தனைக்கும் பிறகு மிச்ச நிகழ்ச்சியையும் நடத்தி முடித்தார்கள்! வேடிக்கை காட்டுகிற தொழிலில் நிஜமான சாவுக்கும் சாட்சி சொல்ல ஆள் வேண்டியிருக்கிறது. அவர் மனைவி மார்த்தா வழக்குப் போட்டார். 2000-ல் 1 கோடியே 80 லட்சம் டாலருக்குச் சமரசமாயிற்று. கணவர் பெயரில் ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தி, ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி வருகிறார். பார்க்கப் போனால், மேடை ஏறாத அந்த அம்மாள் காட்டிய தைரியம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியுமா? பல வருஷம் இந்தக் கம்பெனியில் பெண்கள் இரண்டு பெரிய சண்டைகளுக்கு நடுவில் வரும் ஊறுகாய்தான். 2015 பிப்ரவரியில் ஒரு பெண்கள் போட்டி மொத்தமே அரை நிமிஷத்தில் முடிந்தது. "அவர்களுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள்" என்று ரசிகர்களே கொதித்து எழுந்தார்கள். 2016-ல் 'டீவா' என்ற அலங்காரப் பெயரை எடுத்துவிட்டுப் 'பெண்கள் பட்டம்' என்று வைத்தார்கள். 2019 ஏப்ரல் 7-ஆம் தேதி ரெஸில்மேனியாவின் கடைசிப் பெரிய போட்டியே முதல் தடவையாகப் பெண்களுடையது. மூன்று பேர் மோதியதில் பெக்கி லின்ச் ஜெயித்தார்.

நம் நாட்டுப் பெண்ணும் அங்கே போயிருக்கிறார். ஹரியானாவைச் சேர்ந்த கவிதா தேவி 2017-ல் அந்த மேடையில் சல்வார் கமீஸ் போட்டுக்கொண்டு, துப்பட்டாவை இடுப்பில் கட்டி இறங்கினார்! முதல் சுற்றிலேயே தோற்றுப்போனார். ஆனால் அந்தப் போட்டியை எல்லோரும் தேடிப் பார்த்தது அவருக்காகத்தான்.

சரி, பிள்ளைகள் பார்க்கலாமா? போன மாதம் என் தங்கை போன் பண்ணி அழுதாள். பத்து வயதுப் பையன் கட்டில் மேலிருந்து ஆறு வயதுத் தங்கை மேல் குதித்து, குழந்தைக்கு உதடு கிழிந்து ரத்தம். அவள் வீட்டுக்காரர் "எல்லாம் பொய், இனிமே இந்த வீட்டுல அது ஓடக் கூடாது" என்று சத்தம் போட்டுவிட்டாராம். பையனோ, "பொய்னா வலிக்காதுதானே, அதான் குதிச்சேன்" என்கிறான்! பார்த்தீர்களா? 'எல்லாம் பொய்' என்ற அந்த ஒரு வாக்கியம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று!

நான் பையனைப் போனில் கூப்பிட்டு, "டேய் கண்ணா, யார் ஜெயிக்கணுங்கறது மட்டும்தான் முன்னாடியே பேசி வெச்சது. விழறது நிஜம், வலிக்கறது நிஜம். அவங்க ரெண்டு பேரும் மாசக்கணக்குல சேர்ந்து பழகினவங்க. உன் தங்கச்சி பழகினாளா? அவளைப் பத்திரமா இறக்க உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பெரியம்மா, அப்ப தோக்கறவரும் கெட்டிக்காரரா?" என்றான். "அவர்தாண்டா ரொம்பக் கெட்டிக்காரர்" என்றேன்.

என் யோசனைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

எட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு இது வேண்டவே வேண்டாம். கதையையும் நிஜத்தையும் பிரிக்க அவர்களுக்குத் தெரியாது.

பெரிய பையன்கள் பார்த்தால், வாரத்தில் ஒரு நாளாவது கூட உட்காருங்கள். "இப்ப யார் யாரைக் காப்பாத்தறாங்க, கண்டுபிடி பார்ப்போம்" என்று கேளுங்கள். அடிக்கிற கையை விட்டுவிட்டு, தாங்குகிற கையைப் பார்க்கப் பழகுவார்கள்.

கட்டில், சோபா மேலிருந்து குதிப்பதும், கழுத்தைப் பிடித்து இறுக்குவதும், தலைகீழாகத் தூக்குவதும் கூடவே கூடாது. "வீட்டில் செய்து பார்க்காதீர்கள்" என்று அந்தக் கம்பெனியே எச்சரிக்கை போடுகிறது.

மீறி விழுந்து, கழுத்து வலிக்கிறது என்றோ கை கால் மரத்துப்போகிறது என்றோ குழந்தை சொன்னால், பதறிப்போய்த் தூக்கி உட்கார வைக்காதீர்கள். அசையாமல் படுக்க வைத்து 108-க்குப் போன் செய்யுங்கள். தலையில் அடிபட்ட பிறகு வாந்தி, மயக்கம், அளவுக்கு மீறிய தூக்கம், விடாத தலைவலி இருந்தால் விபூதி பூசிக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.

எனக்கு இந்தக் குஸ்தியில் இப்போதும் ஆசை வந்துவிடவில்லை. ஆனால் அந்தப் பக்கம் போகும்போது கண்ணில் பட்டால், ஜெயித்தவர் பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு குதிக்கும்போது, கீழே கிடக்கிறவர் மெல்ல உருண்டு வெளியே போகிறாரே, அவர் சரியாக நடந்து போகிறாரா என்றுதான் பார்க்கிறேன். நீங்களும் அடுத்த தடவை அவரைப் பாருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம். குஸ்தி இல்லை, கறிவேப்பிலைத் தொக்கு!